காட்பாடியிலிருந்து

மச்சான்,

உன் லெட்டர் வந்து பத்து நாளாச்சு. கத்திரி வெயில்ல பேனா பிடிச்சாலே கை வேர்க்குது, அதான் லேட். வீட்ல எல்லாரும் சவுக்கியம். பாலாறு வழக்கம்போல மணல்தான். உனக்குன்னு அம்மா இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்ல வத்தல் போட்டு வெச்சிருக்காங்க.

எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் முன்ன மாதிரி ஓடலைன்னு கடைக்காரனைத் திட்டியிருந்தியே. என் வண்டியும் அப்படித்தான். புதுசுல குடியாத்தம் போய்த் திரும்பினாலும் சார்ஜ் மிச்சமிருக்கும். இப்போ திரும்பும்போது லத்தேரி வந்தாலே நெஞ்சு அடிச்சுக்குது. ஏமாத்து வேலை இல்லடா, பேட்டரிக்கு வயசாகுது.

சார்ஜ் ஏறும்போது பேட்டரியில இருக்கிற லித்தியம் போய், ஒரு பக்கம் இருக்கிற கிராஃபைட்டுக்குள்ள (பென்சில் முனையில இருக்கிற கரிதான்) உக்காருது. முதல் சார்ஜிலேயே கிராஃபைட் மேல மெல்லிசா ஒரு படலம் கட்டிடும். அது வேணும், இல்லேன்னா உள்ள இருக்கிற எலெக்ட்ரோலைட், அதாவது லித்தியம் நீந்திப் போற திரவம், சிதைஞ்சுக்கிட்டே போகும். ஆனா நம்ம போர் தண்ணிக்கு ஹீட்டர் காயில்ல உப்பு ஏறுற மாதிரி, அது தடிச்சுக்கிட்டே வரும். ஹீட்டர் உப்பு தண்ணியோடது. இங்க படலம் கட்ட பேட்டரியோட லித்தியமே செலவாகுது. அதுல மாட்டினது திரும்பாது. லித்தியம் ஏறினா கிராஃபைட் சுமார் 10 சதவீதம் வீங்கும், இறங்கினா சுருங்கும். அதுல படலம் விரிசல் விடும், விட்ட இடத்துல புதுப் படலம், மறுபடி லித்தியம் காலி, வண்டி ஓடுற தூரமும் குறையுது.

அம்மாகிட்ட சொன்னேன். "புளி போட்டுத் தேய்ச்சா போவாதா?"ன்னாங்க. போவாது.

ஓட்டாம நிறுத்தி வெச்சாலும் இது நடக்கும். சூடும் ஃபுல் சார்ஜும் சேர்ந்தா இன்னும் வேகம். நான் ரெண்டையும் பண்ணேன். ராத்திரி பூரா சார்ஜ் போட்டு நூறு ஆக்கிட்டு, பகல் முழுக்க ஆபீஸ்ல தகர ஷெட்டுக்குக் கீழ நிறுத்தினேன். சாயங்காலம் சீட்ல உக்கார முடியாது, துண்டு விரிச்சுத்தான் உக்காருவேன். என் பின்பக்கத்தை நினைச்சேனே தவிர, சீட்டுக்குக் கீழ இருக்கிற பேட்டரியை நினைக்கல.

இந்த லித்தியம் பேட்டரிக்காக 2019-ல நோபல் வாங்கின மூணு விஞ்ஞானிகள்ல குட்இனஃப்ங்கிறவருக்கு அப்போ 97 வயசு. மனுஷன் கெட்டி, அவர் பண்ண சரக்குக்குத்தான் அந்த ஆயுசு இல்ல.

இப்போ வேப்பமரத்தடியில நிறுத்துறேன். வீட்டுக்கு வந்ததும் பிளக்கைச் சொருகாம, வண்டி ஆறினப்புறம் எண்பது வரைக்கும் ஏத்துறேன். தூரப் பயணம்னா மட்டும் நூறு. போன லித்தியம் போனதுதான், இருக்கிறது மெதுவா போகட்டும்.

ஆடிக்கு வர்றேன்னியே, எந்த ரயில்னு எழுது. ஸ்டேஷனுக்கு ஸ்கூட்டர்லயே வர்றேன். அந்த தூரத்துக்கு சார்ஜ் தாராளம்.

உன் மச்சான்