'யூனிட்' என்று முழுசாக எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முப்பது வருடங்களுக்கு மேல் வார்டுகளில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். ஆஸ்பத்திரி எழுத்துப் பிழைகளைப் பற்றிப் பேச்சு வந்தால் டாக்டர் கையெழுத்தைச் சொல்லிச் சிரிப்பதோடு விட்டுவிடுகிறார்கள். நடுராத்திரியில் கேஸ் ஷீட்டும் கையுமாக ஊசி போட நின்றவளுக்கு அது சிரிக்கிற விஷயமாக இல்லை.

ஒரு நைட் டியூட்டி. வயதான அம்மா ஒருவருக்கு இன்சுலின் எழுதியிருந்தது. 4 என்று போட்டு, பக்கத்தில் யூனிட்டுக்குச் சுருக்கமாக ஆங்கில 'யு'. அவசரத்தில் அந்த எழுத்தின் வாய் மூடிக்கொண்டு சுழியம் போலாகிவிட்டது. பார்த்தால் 40. வார்டில் இருந்த குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட், அதாவது ஒரு சிரிஞ்சு நிறைய. சிரிஞ்சில் மருந்தை ஏற்றிவிட்டேன். ஏதோ உறுத்தவே முந்தைய நாள் பக்கத்தைப் புரட்டினால் 4, 6, 4 என்று இருந்தது. போட்டிருந்தால் அவர் சர்க்கரை இறங்கி, வியர்த்து விறுவிறுத்து நினைவிழந்திருப்பார். தூங்குகிறார் என்று நாங்களும் விடியும்வரை எழுப்பியிருக்க மாட்டோம்.

பேச்சிலும் இதே ஆபத்து உண்டு. டியூட்டி மாறும்போது "எட்டாம் பெட்டுக்கு ஹைப்போ" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். சர்க்கரை இறங்கியதா, பிரஷர் இறங்கியதா, பொட்டாசியமா, தைராய்டா? 'ஹைப்போ' குறைவு, 'ஹைப்பர்' அதிகம். காதில் ஒன்றுபோல் விழும் இந்த இரண்டும் நேர் எதிரானவை. தைராய்டு மாத்திரையில் மைக்ரோகிராம் என்பதை மில்லிகிராம் என்று எழுதினால் ஆயிரம் மடங்கு. மூட்டுவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருமுறை எடுக்க வேண்டியது. சீட்டில் 'தினம்' என்று விழுந்துவிட்டால் எலும்பு மஜ்ஜை வரை பாதிக்கும்.

தமிழில் எழுதும்போதும் கவனம் போதாது. 'சிறுநீறகம்' என்று எழுதிய பலகையை எத்தனை இடத்தில் பார்த்துவிட்டேன்! நீர் எங்கே, நீறு எங்கே? ஆனால் அதைவிட என்னை வருத்துவது, உறவினர்களிடம் தவறான சொல்லைச் சொல்வதுதான். இதயம் பலவீனமாக ரத்தத்தை இறைக்கிற நிலைக்கு 'ஹார்ட் ஃபெயிலியர்' என்று பெயர். அதை "உங்கப்பாவுக்கு ஹார்ட் ஃபெயிலியர் ஆயிடுச்சு" என்று ஒரு மகனிடம் சொன்னார்கள். உயிர் போய்விட்டது என்றே நினைத்து அவர் வராந்தாவில் சரிந்து உட்கார்ந்துவிட்டார். உள்ளே அப்பா கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

மருந்தின் மூலப்பெயரை (ஜெனரிக் பெயரை) தெளிவாக, கூடுமானவரை பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்று 2016-லேயே இந்திய மருத்துவக் கவுன்சில் விதியைத் திருத்தியது. விதி மட்டும் போதாது. புரியாததைக் கேட்டால் "இதுகூடத் தெரியாதா?" என்று டாக்டர் கத்துவாரே என்ற பயத்தில்தான் இளம் செவிலியர்கள் ஊகித்து மருந்து கொடுக்கிறார்கள். அந்த இரவு நான் போன் செய்தபோது பயிற்சி மருத்துவர் கோபப்படவில்லை. தூக்கக் கலக்கத்தோடு மாடியேறி வந்தார், பழைய வரியை அடித்தார், 'நான்கு யூனிட்' என்று எழுத்தால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒவ்வொரு வார்டிலும் அப்படி ஒருவர் வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
மதுரை.