மதுரையின் பெயர்ப்பலகை, ஃபிளெக்ஸ் தொழில் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய நண்பர்களே,

வணக்கம். தெருப்பெயரும் ஊர்ப்பெயரும் தாங்கி வழிகாட்டும் பலகைகளுக்கு மட்டுமாவது, அலங்காரமில்லாமல் கோட்டின் தடிமன் ஏறத்தாழ ஒரே சீராக அமைந்த சான்ஸ் செரிஃப் எழுத்துருவைப் பயன்படுத்துங்கள். அதை இழுக்காமலும் நசுக்காமலும் உள்ளபடியே அச்சிடுங்கள். இதைக் கேட்கவே எழுதுகிறேன். காதணி விழாவுக்கும் கோயில் திருவிழாவுக்கும் நீங்கள் அமைக்கும் வளைவும் நிழலும் அந்தந்த இடத்தில் அழகாகவே இருக்கின்றன.

மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிச் சித்திரை, ஆவணி மூல, மாசி, வெளி என்று அடுக்கடுக்காக அமைந்த வீதிகளில், ஒவ்வொரு பெயரும் கீழ, மேல, தெற்கு, வடக்கு என்ற முன்சொல்லால்தான் திசைக்குத் திசை வேறுபடுகிறது. வெளியூரிலிருந்து வருபவர் ஆட்டோவில் போகிற போக்கில் அதைப் படித்தாக வேண்டும். மிகத் தடித்த எழுத்துக்கு வெளிக்கோடும் நிழலும் சேர்த்தால் முதலில் அடைபடுபவை சுழிகள்தாம். ஆவணி மூல வீதியின் மூன்று சுழி ‘ணி’யும் அவனியாபுரத்தின் இரண்டு சுழி ‘னி’யும் சற்றுத் தள்ளி நின்றாலே ஒரே கறுப்புத் திட்டாகிவிடுகின்றன, புள்ளி எழுத்தின் தலையோடு ஒட்டி மறைகிறது. நன்கு வரையப்பட்ட சான்ஸ் செரிஃபில் சுழிக்குள் தாராளமாக இடம் விட்டிருப்பார்கள். புள்ளியும் விலகித் தெளிவாக நிற்கும்.

‘திருப்பரங்குன்றம்’ என்ற பெயரில் பத்து எழுத்துகள். அவற்றில் நான்கு புள்ளி வைத்தவை. பலகையில் இடம் போதவில்லை என்று அதைப் பக்கவாட்டில் நெருக்கும்போது நின்ற கோடுகள் மெலிந்து, கிடந்த கோடுகள் மட்டும் பழைய தடிமனிலேயே நிற்க, எழுத்துருவை வரைந்தவர் பாடுபட்டுக் கொண்டுவந்த சீர்மை முழுவதும் குலைந்துவிடுகிறது. வரிசையிலேயே நீளமான பெயரை முதலில் அமைத்து, அது இயல்பாக அடங்கும் அளவையே மற்றப் பெயர்களுக்கும் வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கலே எழாது.

லண்டன் சுரங்க ரயிலுக்காக எட்வர்ட் ஜான்ஸ்டன் வரைந்த சான்ஸ் செரிஃப் 1916இல் புழக்கத்துக்கு வந்தது. திருத்தங்களுடன் இன்றும் அங்கே வழிகாட்டுகிறது. நமக்கோ இந்தியன் டைப் ஃபவுண்டரி என்ற எழுத்துரு நிறுவனம் வெளியிட்ட, நம் ஊர்ப்பெயரையே தாங்கிய ‘ஹிந்த் மதுரை’ இருக்கிறது. ஐந்து தடிமன்களில், தமிழும் ஆங்கிலமும் ஒன்றோடொன்று பொருந்துமாறு அமைந்த அதை, வணிகப் பணிக்கும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். பலகைக்கு அதன் இடைத்தரத் தடிமன்களான மீடியமோ செமிபோல்டோ போதும் என்பது என் கருத்து. கூகுளின் ‘நோட்டோ சான்ஸ் தமிழ்’ எழுத்துருவும் இலவசமே.

எழுத்துருவுக்கு எழுத்துரு மாறுபடும் பழைய குறியாக்கத்தில் தட்டச்சிடும் வழக்கம் உங்களில் பலருக்கு இருப்பதை அறிவேன். இந்த எழுத்துருக்களோ எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியாக்கமான யூனிகோடில் அமைந்தவை. 2010இலேயே தமிழக அரசும் அதைத் தரமாக ஏற்றிருக்கிறது. யூனிகோடில் தட்டச்சிட்டால் பழைய வடிவமைப்பு மென்பொருளில் கொம்பும் காலும் இடம் மாறி விழும். புதிய பதிப்புகளில் அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

அடுத்து ஊர்ப்பெயர்ப் பலகைக்கு ஆர்டர் வரும்போது, வாடிக்கையாளருக்குக் காட்டும் மாதிரிகளில் ஒன்றையாவது இவ்வாறு அமைத்து, தாளில் அச்சிட்டுக் கடைச் சுவரில் ஒட்டி, தெருவின் எதிர்ப்பக்கத்தில் நின்று அவரையே படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அச்சுத் தொழிலில் உள்ள மதுரைவாசி