நாளைக்கே சரிபார்க்கக்கூடிய செய்தி

அன்பு நண்பா,

நலம். நீயும் வீட்டில் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதத்தான் நினைத்தேன். காலையில் பேனாவைப் பிடிக்க விரல் மடங்குவதில்லை. மாலையில் போர்வையை விட்டு வெளியே வர மனம் வருவதில்லை. குளிர்காலத்தில் என்னிடமிருந்து ஒழுங்கான பதிலை எதிர்பார்ப்பது உன் தவறு.

பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். பழைய பழக்கங்கள்தான்: செய்தித்தாள், ஒன்றிரண்டு படங்கள், கொஞ்சம் சங்கீதம், கொஞ்சம் படிப்பு. ஆனால் அதே கடிதத்தில், போகிற போக்கில் வானிலைக்காரர்களைத் திட்டியிருக்கிறாய். குளிர் குறையும் என்று அவர்கள் சொன்னதை நம்பி ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போனாயாம், பல் கிட்டித்துத் திரும்பினாயாம். 'இந்த ஆட்கள் சொல்வது என்றைக்கு நடந்திருக்கிறது?' என்று ஒரு வரி. அந்த வரிக்குப் பதில் சொல்லாமல் என்னால் மேலே நகர முடியாது.

செய்தித்தாளில் எனக்கு இன்று மிச்சமிருக்கும் மரியாதையில் பாதி அந்த வானிலைக் கட்டத்துக்குத்தான். காரணம் எளிது. மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் விடை தெரிந்துவிடும். ஆட்சி கவிழும், தங்கம் இறங்கும், இந்தப் படம் வெள்ளிவிழா காணும், அந்தக் கட்சி இத்தோடு காணாமல் போகும் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறவர்களின் கணக்கை யார் சரிபார்க்கிறார்கள்? எழுதியவர் மறந்துவிடுகிறார், படித்தவர்களும் மறந்துவிடுகிறார்கள், அடுத்த வாரம் அவரே இன்னொரு ஆரூடத்தோடு வந்து உட்காருகிறார். இதற்காகவே ஒரு பழைய டைரியை எடுத்து வைத்திருக்கிறேன். இடப்பக்கத்தில் யார் என்ன நடக்கும் என்றார் என்று குறித்து வைப்பேன். நடந்ததை வலப்பக்கத்தில் எழுதுவேன். வலப்பக்கத்தைப் பார்த்தால் உனக்குச் சிரிப்பு வரும். வேலையற்றவன் செய்கிற வேலை என்று சொல்வாய். சொல்லிக்கொள்.

என் டைரி தனிமனிதக் கிறுக்கு. ஆனால் இதையே முறையாகச் செய்தவர் ஒருவர் இருக்கிறார். பிலிப் டெட்லாக் என்ற உளவியலாளர் 1980களில் தொடங்கி ஏறத்தாழ 20 ஆண்டுகள் அரசியல், பொருளாதார வல்லுநர்களிடம் என்ன நடக்கும் என்று கேட்டுக் குறித்து, நடந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்தார். 2005இல் முடிவை நூலாக வெளியிட்டார். கண்ணை மூடிக்கொண்டு ஊகிப்பதைவிட அவர்கள் பெரிதாக ஒன்றும் மேலாகச் சொல்லிவிடவில்லை. புகழ் அதிகமாக உள்ளவர்களின் ஊகம் இன்னும் மோசமாக இருந்தது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தொலைக்காட்சி விவாதங்களைப் பார்ப்பதை நான் நிறுத்தியதற்கு இதைவிடக் கௌரவமான காரணம் கிடைக்காது.

வானிலைக்காரர்களுக்குத் தப்பிக்க வழியில்லை. தொடக்கத்திலிருந்தே அப்படித்தான். டார்வினை ஏற்றிச் சென்ற பீகிள் கப்பலின் தலைவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய் நினைவிருக்கிறதா? அவர்தான் பின்னாளில் பிரிட்டனின் வானிலைத் துறையை நடத்தினார். 1859இல் ராயல் சார்ட்டர் என்ற கப்பல் புயலில் சிக்கி நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். கடற்கரை நெடுகிலும் தந்தி ஓடுகிறதே, புயல் வருகிறது என்று துறைமுகங்களுக்கு முன்கூட்டியே சொல்லலாமே என்று அவர் வேலையில் இறங்கினார். 1861 ஆகஸ்டில் லண்டன் 'டைம்ஸ்' நாளிதழில் பொதுமக்களுக்கான முதல் முன்னறிவிப்பு வெளிவந்தது. அது தவறிய நாட்களில் பத்திரிகைகளும் கேலி செய்தன, அறிவியலாளர்களும் முகம் சுளித்தார்கள். 1865இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். கடன், உடல்நலக் குறைவு, மனச்சோர்வு எல்லாம் சேர்ந்திருந்தன. அதன்பின் முன்னறிவிப்பையே சில ஆண்டுகள் நிறுத்தி வைத்துவிட்டார்கள். அரசியல் ஆரூடம் பொய்த்ததற்காக யாராவது ஒரு பத்தியை நிறுத்தியதாக நீ கேள்விப்பட்டிருக்கிறாயா?

உன் ஸ்வெட்டர் விஷயத்துக்கு வருகிறேன். மழைக்கு 30 சதவீத வாய்ப்பு என்று போட்டிருந்தால், அதே போன்ற பத்து நாட்களில் மூன்றில் மழை இருக்கும் என்று பொருள். அந்த மூன்றில் ஒன்றில் நீ நனைந்துவிட்டால் அவர்கள் பொய் சொன்னதாகாது. தள்ளிப் போகப் போகக் கணிப்பு ஏன் தளர்ந்துவிடுகிறது என்பதற்கும் ஒரு குளிர்காலக் கதை உண்டு. 1961இல் எட்வர்ட் லோரன்ஸ் என்ற வானிலை ஆய்வாளர் கணினியில் ஒரு சிறிய வானிலை மாதிரியை ஓட்டிக்கொண்டிருந்தார். பழைய கணக்கு ஒன்றைப் பாதியிலிருந்து மறுபடி ஓட்ட நினைத்து, 0.506127 என்ற எண்ணை 0.506 என்று சுருக்கி உள்ளிட்டார். காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால், புதிய கணக்கு கொஞ்ச தூரம் பழையதோடு ஒட்டிச் சென்று, பிறகு முற்றிலும் வேறு பாதையில் போயிருந்தது. பத்தாயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு பிசகினால் அடுத்த மாத வானம் வேறு வானமாகிவிடுகிறது. எனவே மூன்று நாளைக்கு அவர்கள் சொல்வதைக் கேள். அடுத்த மாதத்தில் குறிப்பிட்ட ஒரு நாளில் என்ன மழை என்று யாராவது சொன்னால், அதை என் டைரிக்கு அனுப்பு.

இந்தக் குளிரைப் பற்றி இன்னும் ஒன்று. ஆண்டின் மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21 அல்லது 22இல் வந்து போய்விடுகிறது. அதன்பின் பகல் நீள்கிறது. குளிரோ அதற்கப்புறம்தான் கெட்டியாக உட்காருகிறது. நிலமும் நீரும் சேர்த்து வைத்த வெப்பம் கரையக் காலம் பிடிப்பதுதான் காரணம். வரவு ஏறத் தொடங்கிய பிறகும் செலவு அதைவிட அதிகமாக இருக்கும்வரை கையிருப்பு குறைந்துகொண்டேதான் போகும். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவதும் ஜனவரி முதல் வாரத்தில்தான், சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலையில் 15.2 கோடி. இதைச் சொன்னால் நடைப்பயிற்சியில் என்னோடு வருகிறவர் நம்ப மறுக்கிறார். வட அரைக்கோளம் அப்போது சூரியனை விட்டு விலகிச் சாய்ந்திருக்கிறது, தூரம் முக்கியமில்லை, சாய்வுதான் முக்கியம் என்று சொல்லிப் பார்த்தேன். அருகில் போனால் சுடத்தானே வேண்டும் என்கிறார். விட்டுவிட்டேன்.

அதிகாலை மூடுபனி நேரத்தில் தொலைவில் போகும் ரயிலின் சத்தம் பக்கத்துத் தெருவில் போவது போல் கேட்கிறது. பகலில் அதே ரயில் காதில் விழுவதே இல்லை. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் மேலே உள்ளது கொஞ்சம் வெதுவெதுப்பாகவும் இருப்பதால், மேலே போக வேண்டிய ஒலி வளைந்து கீழே வந்துவிடுகிறது. இந்த வயதில் காது கூர்மையாகிவிட்டது என்று சில நாட்கள் மகிழ்ந்திருக்கலாம், படித்துத் தொலைத்துவிட்டேன்.

படங்களுக்கு வருவோம். இந்தப் பருவத்தில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்திருக்கிறது. படத்தில் குளிர்க் காட்சி வந்தால் கதையை விட்டுவிட்டு நடிகர்களின் வாயைப் பார்க்கிறேன். பேசும்போது ஆவி வருகிறதா? வராவிட்டால் அந்தப் பனி தொழிற்சாலைப் பனி. இந்தப் பைத்தியம் எனக்கு முன்பே ஹாலிவுட் இயக்குநர் ஃபிராங்க் காப்ராவுக்குப் பிடித்திருந்தது என்று தெரிந்தபோது சற்று ஆறுதல். 1937இல் வெளிவந்த 'லாஸ்ட் ஹொரைசன்' படத்தின் பனிக் காட்சிகளை, மூச்சு ஆவியாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே, லாஸ் ஏஞ்சல்ஸில் ஐஸ் சேமிக்கும் குளிர்பதனக் கிடங்குக்குள் படம் பிடித்தார். அதே மனிதர் 1946இல் 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' எடுத்தபோது கிறிஸ்துமஸ் இரவை வெயில் காலத்தில் படமாக்க வேண்டி வந்தது. அதுவரை சினிமாப் பனிக்கு வெள்ளை அடித்த கார்ன்ஃப்ளேக்ஸைத் தூவுவார்கள். காலடியில் அது நொறுங்குகிற சத்தத்தில் வசனத்தைப் பதிவு செய்ய முடியாது, பின்னால் குரல் சேர்க்க வேண்டும். இந்தப் படத்துக்காகத் தீயணைப்பு நுரை, சோப்பு, தண்ணீர் மூன்றையும் கலந்து காற்றாடி முன் பீய்ச்சினார்கள். சத்தமில்லாத பனி. அதற்கு ஆஸ்கர் அகாதெமி தொழில்நுட்ப விருதே கொடுத்தது.

நாயகன் பனியில் ஓடுகிறான், வாயில் ஆவி இல்லை. எனக்குத் தெரிகிறது, ஆனாலும் அந்த ஓட்டத்தில் கண் கலங்கிவிட்டது. எனவே என் ஆவிப் பரிசோதனை படத்தை மதிப்பிட உதவாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிறகு யோசித்தேன்: குளிரை நம்ப வைப்பது பனித்தூளும் அல்ல, மூச்சும் அல்ல. மனிதர்கள் கையை எங்கே வைத்துக்கொள்கிறார்கள், எப்படி நிற்கிறார்கள், எதைத் தொடத் தயங்குகிறார்கள் என்பதுதான். இது சரியாக இருந்தால் உப்புக் குவியலைக் கொட்டி எடுத்தாலும் எனக்கு நடுங்குகிறது.

இதில் கரைகண்டவர் நக்கீரர். சிரிக்காதே. நீ வகுப்பில் தூங்கிய 'நெடுநல்வாடை'யைத்தான் இப்போது மெதுவாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். மொத்தம் 188 அடிகள்தான். குளிர், குளிர் என்று புலம்புவதில்லை அந்தப் பாட்டு. மாடு மேய்ப்பவர்கள் கையை நெருப்பில் காய்ச்சிக் கன்னத்தில் வைத்துக்கொள்கிறார்கள். விலங்குகள் மேய்ச்சலை மறக்கின்றன. பால் குடிக்க வரும் கன்றைத் தாய்ப்பசு உதைத்துத் தள்ளுகிறது. வீட்டுப் புறாக்கள் இரை தேடப் போகாமல், இரவா பகலா என்று தெரியாமல், இருந்த இடத்திலேயே மாறி மாறி உட்கார்ந்திருக்கின்றன. ஒரே காலில் நின்று கடுத்துப் போனதால் கால் மாற்றுகின்றன என்று உரைகாரர் விளக்குகிறார். குவிந்த வாய்க் குடத்துத் தண்ணீரை யாரும் தொடுவதில்லை. எல்லோரும் அகன்ற வாயுள்ள தூபமுட்டி நெருப்பைச் சுற்றி இருக்கிறார்கள். குடத்தின் வாய் குவிந்தது, நெருப்புச் சட்டியின் வாய் அகன்றது. எந்த ஒளிப்பதிவாளர் இவ்வளவு பக்கத்தில் போய்ப் பார்த்திருக்கிறார்? காட்டிலிருந்து தொடங்கி ஊர், தெரு, அரண்மனை, கட்டில் என்று உள்ளே உள்ளே போய், அங்கே கணவன் பிரிவில் வாடும் அரசியைக் காட்டிவிட்டு, சட்டென்று வெட்டிப் பாசறைக்குப் போகிறது. அங்கே அரசன் தூங்காமல் நள்ளிரவுத் தூறலில் காயம்பட்ட வீரர்களைப் பார்த்துக்கொண்டு நடக்கிறான்.

அதில் ஓரிடம் என்னைப் பிடித்துக்கொண்டது. குளிரில் யாழின் நரம்பு சுருதி திரிந்து போகிறது. ஆடல் மகளிர் அதைத் தங்கள் உடற்சூட்டில் தடவிப் பதப்படுத்திவிட்டுப் பிறகு பண்ணமைக்கிறார்கள். அவர் சொன்னது உண்மையா என்று என் தம்புராவிடமே கேட்டேன். இரவில் சேர்த்து வைத்த சுருதி காலையில் நிற்பதில்லை. உலோகத் தந்தி குளிரில் சுருங்கி இறுகுவதால் சுருதி ஏறுகிறது. குழலில் இதற்கு நேர்மாறு: காற்றில் ஒலியின் வேகம் 20 டிகிரியில் நொடிக்கு 343 மீட்டர், பூஜ்ஜியத்தில் 331, வேகம் குறைந்தால் சுருதி இறங்கும். தந்தி ஒரு பக்கம், குழல் மறுபக்கம். பனிக்கால இரவில் திறந்தவெளிக் கச்சேரிகளில் பாடகர்கள் அடிக்கடி பக்கவாத்தியத்தை முறைப்பது ஏன் என்று இப்போது புரிகிறது.

ஆக, என் குளிர்காலம் இப்படிச் சரிபார்த்தே போகிறது. உனக்கு இது வறட்டு வேலையாகத் தோன்றும். எனக்கு இதில்தான் சுவை. ஈராயிரம் ஆண்டுக்கு முன் ஒருவர் எழுதிய வரியை என் அறையில், என் கையால் சோதித்து, 'ஆமாம் ஐயா, சரிதான்' என்று சொல்ல முடிகிறது. நேற்று வந்த தலையங்கத்தை அப்படிச் சொல்ல முடியவில்லை.

உடம்புக்கு ஒன்றும் இல்லை. முழங்கால் மட்டும் காலையில் தகராறு செய்கிறது. இரவில் மூச்சு இழுப்பதாக எழுதியிருந்தாயே, அதை அலட்சியம் செய்யாமல் மருத்துவரைப் பார். சூடு கிடைக்கிறதே என்று அறையை மூடிக் கரி நெருப்பு வைத்துக்கொள்ளாதே. அந்தப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. உன்னைப் போன்ற அசட்டுத் துணிச்சல்காரர்களைத்தான் அது தேடுகிறது.

பிப்ரவரிக்குள் வருவேன் என்று எழுதியிருக்கிறாய். இடப்பக்கத்தில் குறித்துவிட்டேன். வரும்போது, நாம் கல்லூரி நாட்களில் ரசித்த படங்களில் எதை இப்போது மறுபடி பார்க்கலாம், எதைப் பார்த்து மனம் நொந்துபோக வேண்டாம் என்று ஒரு பட்டியல் கொண்டு வா. என்னிடமிருந்து வாங்கிப் போன பத்துப்பாட்டு உரை நூலையும் மறக்காதே. நூலகப் பிரதியில் பாசறைப் பகுதி உள்ள தாள்களை யாரோ கிழித்துவிட்டார்கள். அந்த இடத்தில்தான் நிற்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்