பாட்டியின் இரண்டு மாத்திரை அட்டைகள்

அன்புள்ள கண்ணம்மா,

நேற்று போனில் நீ சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது. "புது மருந்து கண்டுபிடிக்கலாம்னு பார்மசி சேர்ந்தேன். இங்கே வீடு வீடாப் போய் மாத்திரை அட்டையை எண்ணச் சொல்றாங்கம்மா." உன் குரல் கம்மியிருந்தது. எதையோ சொல்லிச் சமாதானப்படுத்திவிட்டுப் போனை வைத்துவிட்டேன். சொல்ல வேண்டியதெல்லாம் இரவில்தான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

பாட்டி குளியலறை வாசலில் மயங்கி விழுந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். அப்போது நீ எட்டாம் வகுப்பு. ரத்த அழுத்தத்துக்கு ஒரு டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தார். மூட்டு வலிக்கென்று வேறொருவரிடம் போனபோது அவரும் அழுத்தம் பார்த்துவிட்டு ஒரு மாத்திரை எழுதினார். ஏற்கெனவே சாப்பிடுவதை நாங்கள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஒன்று நீல அட்டை, இன்னொன்று வெள்ளி அட்டை. பெயரும் வேறு. தினமும் காலையில் இரண்டையும் பிரித்து, தண்ணீரோடு பாட்டி கையில் கொடுத்தவள் நான்தான். அன்று அவரைப் படுக்க வைத்துவிட்டு நான் கை நடுங்க உட்கார்ந்திருந்தேன். நீ இரண்டு அட்டைகளையும் ஜன்னலோரம் எடுத்துப் போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "அம்மா, பெரிய எழுத்துதான் வேற. கீழே சின்ன எழுத்துல ரெண்டுலயும் அம்லோடிபின்னுதான் போட்டிருக்கு" என்றாய்.

அழுத்தத்துக்கான ஒரே மருந்துதான் இரண்டு பெயரில் வந்திருந்தது. மருந்தில் ஒரு குறையும் இல்லை. எழுதிய இருவரும் விவரம் தெரிந்தவர்கள். ஆனாலும் பாட்டி விழுந்தார். மருந்து செய்து முடித்த இடத்துக்கும் நோயாளியின் வாய்க்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. உன் ஆசிரியர்கள் உன்னை அனுப்புவது அந்தத் தூரத்துக்குள்தான். நம் வீட்டில் நடந்தது ஒரு வீட்டுக் கதை. நீ போகும் நூறு வீடுகளில் பத்து வீட்டில் இதே கதை இருந்தால், ஒரே மருந்து இரண்டு பெயரில் வீட்டுக்குள் வருவதை ஏன் யாரும் கவனிப்பதில்லை என்று கேட்க உன் கையில் ஆதாரம் இருக்கும்.

நீ விடுமுறையில் விட்டுப்போன புத்தகத்தில் தாலிடோமைடு பற்றிப் படித்தேன். 1957ல் மேற்கு ஜெர்மனியில் தூக்க மருந்தாக விற்பனைக்கு வந்தது. கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் கொடுத்தார்கள். கை கால் வளராமல் குழந்தைகள் பிறந்தன. ஆளுக்கு ஒன்றிரண்டு குழந்தைகளைப் பார்த்த டாக்டர்களுக்குக் காரணம் பிடிபடவில்லை. விடுகிண்ட் லென்ஸ் என்ற குழந்தை மருத்துவர் 1961ல் அந்தத் தாய்மார்களிடம் விசாரித்தார். முதலில் பலர் இந்த மாத்திரையைச் சொல்லவே இல்லையாம். மறைக்க வேண்டும் என்றில்லை. சொல்கிற அளவுக்கு அது பெரிய மருந்தாகவே அவர்களுக்குத் தோன்றவில்லை. குறிப்பாக அதைக் கேட்ட பிறகுதான் சொன்னார்கள். அந்த நவம்பரிலேயே ஜெர்மனியில் மருந்தைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் பல நாடுகளில் சுமார் 10,000 குழந்தைகள் பாதிக்கப்பட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு நான் வெகுநேரம் புத்தகத்தை மூடவில்லை. லென்ஸ் செய்ததும் உனக்குக் கொடுத்திருக்கிற வேலைதான் கண்ணம்மா: போய் உட்கார்ந்து கேட்பது, எழுதிக்கொள்வது, எண்ணுவது.

அதனால் எப்படிக் கேட்கிறாய் என்பதில் கவனம் வை. "மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா" என்று கேட்டால் யாரும் தலையாட்டிவிடுவார்கள், நானும் அப்படித்தான். நீண்டகால நோய்களுக்கு மருந்தைச் சொன்னபடி சாப்பிடுகிறவர்கள் வளர்ந்த நாடுகளிலேயே சராசரியாகப் பாதிப் பேர்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2003ல் சொன்னது. "போன வாரம் எத்தனை நாள் விட்டுப்போச்சு" என்று கேட்டுப் பார், சொல்வார்கள். சத்து மாத்திரை, வலி மாத்திரை, பக்கத்து வீட்டில் வாங்கிப் போட்டது எல்லாவற்றையும் தனித்தனியாகக் கேள். போன காய்ச்சலில் மிஞ்சிய ஆன்டிபயாட்டிக்கை எடுத்து வைத்திருக்கிறார்களா என்றும் கேள். மூட்டு வாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறவர் யாராவது இருந்தால், "எந்தக் கிழமை சாப்பிடுறீங்க" என்று கேட்காமல் அந்த வீட்டை விட்டு வராதே. அது வாரம் ஒரு நாள் மாத்திரை. "தினமும்" என்று பதில் வந்தால் உன் படிவம் அப்புறம், முதலில் அவரை டாக்டரிடம் அனுப்பு. தினமும் சாப்பிட்டு உயிரையே இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

மருந்தைச் சரியாகப் பயன்படுத்துவது என்றால் என்ன என்று உலக சுகாதார நிறுவனத்தின் 1985 நைரோபி மாநாடு சொன்ன வரையறையை உன் நோட்டில் எழுதி வைத்திருந்தாய்: தேவைக்கேற்ற மருந்து, அவரவருக்கேற்ற அளவு, போதிய காலம், குறைந்த செலவு. அதை நான் இரண்டு முறை படித்தேன். பாட்டிக்கு "அவரவருக்கேற்ற அளவு" என்ற இடத்தில்தான் தவறியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் தைராய்டு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் மறந்துவிடக் கூடாதே என்று காலையில் சேர்த்தே போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டுக்கும் நடுவே நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்று உன் புத்தகத்தில் பார்த்த பிறகு, கால்சியத்தை இரவுக்கு மாற்றிவிட்டேன். இத்தனை மாதம் சேர்த்துப் போட்டதற்கு ரத்தப் பரிசோதனை மறுபடி எடுக்க வேண்டுமா என்று டாக்டரிடம் வியாழக்கிழமை கேட்கப் போகிறேன். என் பெயரையும் உன் படிவத்தில் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ள முடியுமென்றால் சேர்த்துக்கொள். கேட்பதற்கெல்லாம் உள்ளது உள்ளபடி சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா