அட்டைக் கடியும் ஒரு பேச்சும்

மஸ்கெலியா
ஞாயிறு இரவு

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. இங்கே மழை விட்டபாடில்லை. அம்மாவுக்கு மூட்டுவலி கொஞ்சம் தேவலை. உன் மகளுக்கு ஏழாம் மாதம் என்று படித்ததும் உடனே எழுத நினைத்தேன். மனதில் கிடந்த ஒரு விஷயத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

தேயிலைத் தோட்டத்துத் தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் இந்தப் பிள்ளைமடுவத்தில் வேலைக்குச் சேர்ந்து பதினொரு வருடம் முடிந்துவிட்டது. "டீச்சரிடம் விட்டால் பிள்ளைகளின் சத்தமே கேட்காது" என்று தாய்மார் சொல்லும்போதெல்லாம் பூரித்துப் போயிருக்கிறேன். போன மாதம் ஒரு பயிற்சியில் ஜமைக்கா நாட்டு ஆய்வு ஒன்றைப் பற்றிக் கேட்டதிலிருந்து, அந்தச் சத்தமில்லாமை என்னை உறுத்துகிறது.

சாலி கிரந்தம் மெக்ரெகர் என்ற மருத்துவரின் குழு 1986இல் கிங்ஸ்டன் நகரின் ஏழைக் குடியிருப்புகளில் தொடங்கிய ஆய்வு அது. வயதுக்கேற்ற உயரமில்லாத 129 குழந்தைகள், எல்லோரும் இரண்டு வயதுக்குட்பட்டவர்கள். சிலருக்கு வாராவாரம் பால்மா கொடுத்தார்கள். சிலருடைய வீட்டுக்குச் சுகாதார உதவியாளர் வாரம் ஒரு மணி நேரம் போய், பிள்ளையோடு பேசி விளையாடத் தாய்க்குப் பழக்கினார். சிலருக்கு இரண்டும், மற்றவர்களுக்கு எதுவுமில்லை. இரண்டே வருடம்தான். பிள்ளைகளுக்கு 22 வயதானபோது பார்த்தால், அப்படி விளையாடி வளர்ந்தவர்களின் சம்பளம், அந்த விளையாட்டு கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் அதிகம். பால்மாவால் மட்டும் வந்த முன்னேற்றம் அவ்வளவு காலம் நிற்கவில்லை.

சோறும் பாலும் வேண்டாம் என்றா சொல்கிறேன்? 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தோட்டப்புறத்துச் சிறுபிள்ளைகளில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்கு வயதுக்கேற்ற உயரமில்லை. இலங்கை முழுவதும் சேர்த்துப் பார்த்தால் 17 சதவீதம். அந்தப் பசியைத் தீர்க்கத்தான் வேண்டும். ஆனால் நிறையையும் உயரத்தையும் மாதாமாதம் அட்டையில் குறிக்கிற நான், இந்தப் பிள்ளையோடு இன்றைக்கு யார் பேசினார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லையே செல்வி.

பதினாறு மாதப் பையன் ஒருவன் இருக்கிறான். மழலைகூட வராது. பத்து மணிக்குத் தாய் பால் கொடுக்க ஓடி வருவாள். இடுப்பில் கட்டிய படங்குத் துணி நனைந்திருக்கும், விரலெல்லாம் கொழுந்துக் கறை. பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிநாள் சம்பளம்தான் என்பதால் கண் மலையிலேயே இருக்கும். அவனோடு ஏதாவது பேசு என்றேன். "அவனுக்கு என்ன புரியப் போகிறது டீச்சர்?" என்றாள். எந்த மலையில் பறித்தாய் என்றாவது சொல் என்றேன். கொஞ்சம் கூச்சப்பட்டு, "ஆற்றோரத்தில் அட்டை கடித்துவிட்டதடா" என்று காலைக் காட்டினாள். அவன் பால் குடிப்பதை நிறுத்திவிட்டு அவள் வாயையே பார்த்தான். பிறகு அந்தக் கடிவாயில் விரலை வைத்து "ஆ" என்றான். அவள் அழுதுவிட்டாள். அன்றைக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்துவிட்டுத்தான் போனாள்.

இப்போது போத்தலில் பருப்புப் போட்டு மூடியை ஒட்டிக் கிலுகிலுப்பை செய்கிறேன். வெள்ளிக்கிழமை ஒன்றை வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த வெள்ளி வேறொன்று மாற்றிக் கொடுக்கிறேன். ஓர் அப்பாயி பழைய சேலையில் பொம்மை தைத்தே கொண்டுவந்துவிட்டார்.

உன் மகளிடம் சொல், பிள்ளை பிறந்த அன்றிலிருந்தே முகம் பார்த்துப் பேசட்டும். உன் தையல் மெஷினுக்குக் கீழே கிடக்கும் துண்டுத்துணிகளை அடுத்த முறை யாராவது வரும்போது கொடுத்தனுப்பு. பொத்தான் வேண்டாம், பிள்ளைகள் வாயில் போட்டுக்கொள்வார்கள்.

அன்புடன்,
மல்லிகா