மதனுக்கு, கிரெனோபிளிலிருந்து

அன்புள்ள மதன்,

உன் மெயில் வந்த அன்றே படித்துவிட்டேன், பதில் எழுதத்தான் நேரம் அமையவில்லை. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் பெரிய நிம்மதி. பிசியோதெரபியை மட்டும் விட்டுவிடாமல் பார்த்துக்கொள், உன் அம்மா வலி குறைந்த மறுநாளே கோலம் போட உட்கார்ந்துவிடுகிற ஆள். இங்கே எல்லோரும் நலம். சின்னவள் பள்ளியில் பிரெஞ்சு, வீட்டில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும் கலந்து. எனக்கு வேலை மாறியிருக்கிறது, சம்பளம் கொஞ்சம் குறைவு, ஆனால் வெள்ளிக்கிழமை மதியமே வீட்டுக்கு வந்துவிடலாம். எதற்கு என்று உனக்குச் சொல்ல வேண்டுமா என்ன.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஜூனில் வருகிறாய், நாலு நாள் சைக்கிள் ஓட்ட வேண்டும், முதல் நாளே அல்ப் துவெஸ் மலைச்சாலையில் ஏறிவிட வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். டிவியில் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் பார்க்கிற எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். டேய், என் பேச்சைக் கொஞ்சம் கேள். அங்கே போக வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்காக ஒரு முழு நாளைக் கொடுப்பதற்கு முன், இந்த ஊரின் வாசலிலிருந்தே ஏறுகிற சாலைகளைப் பார்த்துவிடு.

கிரெனோபிளின் வேடிக்கையே இதுதான்: ஊர் முழுக்கச் சமதளம், கடல் மட்டத்திலிருந்து 210 மீட்டர் சொச்சம்தான். இசேர், திராக் என்ற இரண்டு ஆறுகள் கூடுகிற இடம். ஆனால் வடக்கே ஷார்த்ரூஸ், மேற்கே வெர்கோர், கிழக்கே பெல்டோன் என்று மூன்று மலைத்தொடர்கள் சுற்றி நிற்கின்றன. எங்கள் வீட்டிலிருந்து பதினைந்து நிமிடம் மிதித்தால் ஏற்றம் தொடங்கிவிடும், காரில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு அலைகிற வேலையே கிடையாது.

அல்ப் துவெஸ் அப்படியில்லை. அது தொடங்குகிற புர்க் துவாசான் இங்கிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர், போகிற வழி ரோமான்ஷ் ஆற்றின் இடுக்கமான பள்ளத்தாக்கு. அதில் லாரிகளும் சுற்றுலா கார்களும் உன் முழங்கையை உரசுகிற மாதிரி போகும் (ஊருக்கு வெளியே சைக்கிளைத் தாண்டும்போது ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, பெரும்பாலானவர்கள் மதிக்கிறார்கள், மதிக்காதவர்களும் இருக்கிறார்கள்). அப்புறம் அந்த ஏற்றம்: 13.8 கிலோமீட்டர், 21 கொண்டை ஊசி வளைவுகள், சராசரி சரிவு எட்டு சதவீதம், அதிலும் முதல் இரண்டு கிலோமீட்டர் பத்தைத் தாண்டும், கால் சூடாவதற்குள் கதை முடிந்துவிடும். வளைவுகளுக்குக் கீழிருந்து மேலாக 21, 20, 19 என்று இறங்குவரிசையில் எண் போட்டு, அங்கே ஜெயித்தவர்களின் பெயர்ப் பலகை வைத்திருக்கிறார்கள். அடியில் முதல் பலகையில் ஃபாஸ்தோ கொப்பி, 1952. எல்லாம் சரி, ஏறி முடித்தால் என்ன இருக்கிறது? கோடையில் பாதி பூட்டிக்கிடக்கிற ஒரு ஸ்கீ நகரம், அடுக்குமாடி விடுதிகள், டி-ஷர்ட் கடை. கொல்லிமலையில் 70 வளைவு ஏறியவன் நீ, உனக்கு எண்ணிக்கையில் என்ன மயக்கம்? போயே தீருவேன் என்றால், உச்சிவரை ஏறிப் படம் எடுத்துவிட்டுத் திரும்பும்போது துவெஸ் கிராமத்தில் வலப்பக்கம் பிரிந்து வில்லார் ரெக்யுலா போகிற சின்னச் சாலையைப் பிடி. மலை விளிம்பை ஒட்டியே போகும் அது, கீழே பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும், வண்டிகள் குறைவு. எனக்கு அந்த 21 வளைவையும்விட இந்தச் சில கிலோமீட்டர்தான் பிடிக்கும்.

இப்போது ஷார்த்ரூஸ். முதல் நாளை இதற்குக் கொடு. ஊரின் வடக்கு ஓரத்தில் லா திரோன்ஷிலிருந்து ஏறினால் கொரான்க், அப்புறம் ஆயிரம் மீட்டர் உயரத்தில் லெ சப்பே கிராமம், அதற்கும் மேலே 1,326 மீட்டரில் கோல் த போர்த் என்ற கணவாய். மொத்தம் 17 கிலோமீட்டர் போல ஏற்றம், ஆறு ஆறரை சதவீதம், சப்பேக்கு முன்னால் கொஞ்சம் மூச்சு விடக் கிடைக்கும். அல்ப் துவெஸ்ஸை டூர் கண்டுபிடிப்பதற்கு 45 வருடம் முன்னாலேயே, 1907இல், இந்தக் கணவாயில் ஏறிவிட்டார்கள் தெரியுமா? கியர் மாற்றும் வசதி இல்லாத இரும்புச் சைக்கிளில், மண் சாலையில். இன்றைக்கு நல்ல தார் சாலை, ஜூன் காலையில் பாதி வழி மரநிழல். கீழே ஊர் கொதித்துக்கொண்டிருக்கும்போது சப்பேயில் கையில்லாத சட்டையோடு நின்றால் குளிரும்.

கணவாயைத் தாண்டி இறங்கினால் சேன் பியேர் த ஷார்த்ரூஸ். அங்கே ஒரு காபி, ஒரு வால்நட் பை. அங்கிருந்து இரண்டு வழி. இடப்பக்கம் போனால் கீயே மோர் என்ற ஆற்றின் மலையிடுக்கு, பாறையைக் குடைந்த சாலை, குகைப்பாதைகள், வெயிலே படாது. அந்த வழியில்தான் கிராந்த் ஷார்த்ரூஸ் மடத்துக்குப் பிரிகிற சாலையும் வரும். 1084இல் புனித புரூனோ ஆறு பேரோடு வந்து தொடங்கிய மடம், துறவிகள் பெரும்பாலும் பேசுவதில்லை, உள்ளே நம்மை விடமாட்டார்கள், கொஞ்ச தூரத்தில் அருங்காட்சியகம் மட்டும் உண்டு. 130 மூலிகைகள் போட்டு அவர்கள் செய்கிற ஷார்த்ரூஸ் என்ற பச்சை மது உனக்குப் பெயரளவிலாவது தெரிந்திருக்கும். செய்முறை ஒரு சில துறவிகளுக்கு மட்டும்தான் தெரியும், உலகம் முழுக்கக் கேட்கிறார்கள் என்பதற்காக உற்பத்தியைக் கூட்டப் போவதில்லை, பிரார்த்தனைக்கு நேரம் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு அந்த முடிவின் மேல் பெரிய மரியாதை. மது விஷயத்தில் என் கருத்து வேறு, இருமல் மருந்துதான். பிறகு சேன் லோரான் து போன், பிளாசெத் என்ற சின்னக் கணவாய், வொரெப், ஆற்றங்கரைச் சைக்கிள் பாதை, வீடு. எல்லாம் சேர்ந்து 65, 70 கிலோமீட்டர், மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம்.

இன்னொரு வழி, கால் நன்றாக இருந்தால்: சேன் பியேரிலிருந்து நேராக வடக்கே கியூஷெரோன் (1,139), அப்புறம் கிரானியே (1,134), இரண்டு கணவாய். கிரானியே மலையை நீ பார்க்க வேண்டும் மதன். 1248 நவம்பரில் ஓர் இரவு அந்த மலையின் வடக்கு முகமே பெயர்ந்து விழுந்து கீழே இருந்த கிராமங்களை மூடிவிட்டது, ஆயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். வெட்டிய மாதிரி நிற்கிற அந்தச் சுவருக்கு அடியில் சைக்கிளில் இறங்கும்போது பிரேக்கில் வைத்த கை தானாக இறுகும். அந்த இடிபாட்டு மண்ணின் மேல்தான் இன்றைக்குத் திராட்சைத் தோட்டங்கள், அப்ரெமோன் என்ற வெள்ளை ஒயின் அங்கே விளைவதுதான். கீழே ஷாம்பெரியில் ரயிலேறி ஒரு மணி நேரத்தில் கிரெனோபிள், உள்ளூர் ரயிலில் சைக்கிளை அப்படியே ஏற்றிக்கொள்ளலாம். எதிர்க்காற்றில் பள்ளத்தாக்கு முழுக்க மிதித்து வருகிற வீரம் நமக்கு வேண்டாம்.

அடுத்து வெர்கோர். செஸேனிலிருந்து சேன் நிசியே ஏறு, 1,160 மீட்டர் சொச்சம், வளைந்து வளைந்து பொறுமையாக ஏறுகிற சாலை, ஒவ்வொரு திருப்பத்திலும் ஊர் இன்னும் சின்னதாகத் தெரியும், தெளிவான நாளில் மோன் பிளாங்க்கும் தெரியும். மேலே 1968 குளிர்கால ஒலிம்பிக்ஸுக்குக் கட்டிய ஸ்கீ தாவும் மேடை கைவிடப்பட்டு நிற்கிறது, ஒன்றிரண்டு வாரக் கொண்டாட்டத்துக்குக் கொட்டிய கான்கிரீட் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டுமானால் அதைப் பார். பக்கத்திலேயே போராளிகளின் கல்லறைத் தோட்டம். 1944 ஜூனில் ஜெர்மானியர்கள் இந்த வழியாகத்தான் பீடபூமிக்குள் நுழைந்து கிராமத்தை எரித்தார்கள், வெர்கோர் அப்போது பிரெஞ்சு எதிர்ப்புப் படையின் கோட்டை. கொஞ்ச நேரம் இறங்கி நின்றுவிட்டுப் போ.

அப்புறம் மேட்டுச் சமவெளி, பசு மாடு, புல்வெளி, லான், விலார் த லான் என்று சுலபமாகப் போகும். அதற்குப் பிறகுதான் பூர்ன் ஆற்றின் பள்ளம். சாலைக்கு மேலேயே பாறை கூரை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், லாரி உயரம் பார்த்துத்தான் வெட்டியிருக்கிறார்கள் போல. கல் விழுவதால் அடிக்கடி மூடிவிடுவார்கள், முந்தைய நாளே பார்த்துக்கொள்ள வேண்டும். முடிகிற இடம் போன் ஆன் ருவாயான், ஆற்றுக்கு மேலே சுவரில் தொங்குகிற வீடுகள். அங்கிருந்து வால்நட் தோப்புகள் வழியாக சேன் மார்செலான் ரயில் நிலையம். கிரெனோபிள் வால்நட்டுக்கு 1938இலிருந்தே நம்ம ஊர் புவிசார் குறியீடு மாதிரி ஒன்று இருக்கிறது, செப்டம்பர் கடைசியில் வந்தால் அறுவடையும் பார்க்கலாம், ஜூனில் வெறும் நிழல்தான்.

நேரமும் தெம்பும் மிஞ்சினால் கோம்ப் லவால். செங்குத்துப் பாறையில் ஒரு கோடு கீறிய மாதிரி சாலை, மேலே காட்டிலிருந்து மரம் இறக்குவதற்காக 1861இல் தொடங்கி 1898இல் முடித்தார்கள். ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல்சுவர், அவ்வளவுதான், அதற்கு அப்பால் பல நூறு மீட்டர் ஒன்றும் இல்லை. உனக்கு உயரம் என்றால் தலைசுற்றும் என்று ஞாபகம், மலைப்பக்கமாகவே ஓட்டு, இறங்குகிற திசையைவிட ஏறுகிற திசை நல்லது.

நாலாவது நாளை ஓய்வுக்கு வைத்துக்கொள். மதியம் சும்மா இருக்க முடியவில்லை என்றால் ஊருக்கு மேலே பாஸ்தீல் கோட்டை இருக்கிறது, இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவு, சராசரியே 14 சதவீதம். கேபிள் காரில் போகிறவர்கள் மேலிருந்து கைதட்டுவார்கள்.

வேறு சில விஷயம். பின்சக்கரத்தில் 34 பல் இருக்கிற கேசட்டாக (பல்சக்கர அடுக்கு) பார்த்து வாடகைக்குச் சொல்லிவைக்கிறேன், ஏற்றத்தில் மிதிக்க லேசாக இருக்கும், கௌரவம் பார்க்காதே. கிராமத்துக்குக் கிராமம் நீரூற்று உண்டு, குடிக்க உகந்ததல்ல என்று பலகை இல்லாவிட்டால் தாராளமாகப் பாட்டிலை நிரப்பலாம். ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை திறந்திருக்காது, திங்கள் பேக்கரியும் சந்தேகம், பையில் எப்போதும் ஏதாவது வைத்துக்கொள். கடலை மிட்டாய் கொண்டு வா, இங்கே விற்கிற எனர்ஜி பாரெல்லாம் அதன் முன் நிற்காது, எனக்கும் சேர்த்துக் கொண்டு வா. இறக்கத்துக்கு ஒரு காற்றுத் தடுப்பு ஜாக்கெட் கட்டாயம், வியர்த்து ஏறிவிட்டு அப்படியே இறங்கினால் பல் கிடுகிடுக்கும்.

டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல். உன் உயரமும் சீட்டின் உயரமும் சென்டிமீட்டரில் எழுதி அனுப்பு, கடைக்காரர் கேட்பார். பெடலை மட்டும் உன் சைக்கிளிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு வந்துவிடு, உன் ஷூவுக்குப் பொருந்துகிறது இங்கே கிடைக்குமா என்று தேடுகிற வேலை மிச்சம்.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ரகு