அப்பாவின் தச்சுப் பெட்டி: மகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

பெட்டியை விற்கலாமா, வைத்துக்கொள்ளலாமா என்று நீ கேட்டபோது "பார்க்கலாம்" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். இது போனில் பேசித் தீர்க்கிற விஷயம் இல்லை. "விற்காதீங்கம்மா, அது அப்பாவோட ஞாபகம்" என்கிறாய் நீ. "இடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடக்குது, நல்ல விலை வந்தா கொடுத்துடுங்க" என்கிறாள் அக்கா. இரண்டு பேரும் என்மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறீர்கள். ஆனால் இரண்டு பேருமே பெட்டியைத் திறந்து பார்க்காமல் சொல்கிறீர்கள். நான் திறந்து, ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, பழைய போர்வையை விரித்துப் பரப்பிப் பார்த்துவிட்டேன். பார்த்ததைச் சொல்கிறேன், அப்புறம் நீ சொல்.

முதலில் பெட்டி. வெளியே பார்த்தால் வெறும் கறுப்புப் பெட்டி. பழைய தச்சர்கள் வெளிப்பக்கத்தைச் சாதாரணமாகத்தான் விடுவார்கள். தூக்கி இறக்கும்போது அடிபடுகிற பக்கம் அது. கைத்திறமை எல்லாம் உள்ளே. மூடியைத் தூக்கினால் மூன்று தட்டுகள், ஒன்றுக்குமேல் ஒன்றாக, முன்னும் பின்னும் நகரும். மேல் தட்டைப் பின்னால் தள்ளினால் நடுத்தட்டில் இருப்பது கைக்கு வரும். தட்டுகளின் மூலைகளில் பல்லோடு பல் கோத்த மூட்டு, ஓர் ஆணி கிடையாது. இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் ஒரு தட்டுகூட இறுகவில்லை, ஆடவும் இல்லை. அடிப்பலகைகளுக்கு மட்டும்தான் ஆணி அடித்திருக்கிறது. ஈரம் ஏறி முதலில் கெடுவது அடிதான், கெட்ட பலகையைக் கழற்றி வேறு போடுவதற்கு வசதியாக அப்படி. நம் பெட்டியிலும் ஒரு பலகை நிறம் மாறி இருக்கிறது, யாரோ எப்போதோ மாற்றியிருக்கிறார்கள்.

அந்தக் கறுப்புப் பெயின்டைச் சுரண்டிவிட்டு வார்னிஷ் அடித்தால் விலை கூடும் என்று அக்கா சொன்னாள். கூடாது, குறையும். பழைய சாமான் வாங்குகிறவர்கள் தேடுவதே கை படாத பழைய மேற்பரப்பைத்தான். இன்னொன்று, அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூசு நம் மூச்சுக்குள் போகும். வீட்டில் குழந்தைகளை வைத்துக்கொண்டு அதைச் செய்யவே கூடாது. அவளிடமும் சொல்லிவிட்டேன்.

சரி, உள்ளே இருப்பதற்கு வருகிறேன். அப்பா வேலை செய்யும்போது மரத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். எது எதற்கு என்று எனக்குத் தெரியும்.

உளிகளை அளவு வாரியாக வரிசையாக வைத்தேன். இரண்டு அங்குல உளி கிட்டத்தட்ட முழு நீளத்தோடு இருக்கிறது. ஒரு அங்குலம் கொஞ்சம் குட்டை. அரை அங்குல உளி பாதிகூட இல்லை, கைப்பிடியைவிட இரும்பு சின்னது. மூட்டுக்குப் பள்ளம் தோண்டுவதெல்லாம் அரை அங்குலத்தில்தான். கூர் மழுங்க மழுங்கச் சாணை பிடித்து, தாத்தாவும் அப்பாவுமாகத் தேய்த்துத் தீர்த்த நீளம் அது. வெளிச்சத்தில் அதன் சரிவான முனையைச் சாய்த்துப் பார்த்தால் இரண்டு நிறம் தெரியும். மேலே மங்கலான மெத்திரும்பு, அதாவது மென்மையான இரும்பு, வெட்டுகிற பக்கம் மட்டும் பளிச்சென்று ஒரு மெல்லிய எஃகுக் கோடு. கடினமான எஃகு அந்த நாளில் அருமையான பொருள். அதனால் மெல்லிய தகடாக மெத்திரும்போடு சேர்த்துக் காய்ச்சி அடித்துவிடுவார்கள். கூருக்கு எஃகு, அடி தாங்குவதற்கு இரும்பு. அந்தக் கோடு இன்னும் இருக்கிறது. அப்படியென்றால் அந்த உளி இன்னும் வேலைக்கு ஆகும்.

இரும்பு இழைப்புளி ஸ்டான்லி கம்பெனி செய்தது, அளவு எண் 4. பிளேடைத் தாங்கும் பாகத்துக்குப் பின்னால், அடித்தட்டின்மேல், காப்புரிமைத் தேதிகள் மூன்று வார்த்திருக்கிறது. 1902இல் இரண்டு, 1910இல் ஒன்று. இந்த மூன்றும் சேர்ந்து இருந்தால் 1910க்கும் 1918க்கும் நடுவில் செய்தது என்று இதை ஆராய்கிறவர்கள் கணக்குச் சொல்கிறார்கள். அதைக் கேட்டதும் பெரிய பொக்கிஷம் என்று நினைத்துவிடாதே. எண் 4 ஏராளமாகச் செய்யப்பட்டது, சேகரிப்பவர்கள் தேடி அலைவது எண் 1 மாதிரி அபூர்வமான சின்ன அளவுகளை. எண் 4க்கு மதிப்பு தெரிந்தவன் வேலை செய்கிறவன்தான். வார்ப்பிரும்பு கீழே விழுந்தால் பிளேடு வெளியே வரும் வாய்ப் பக்கம்தான் விரிசல் விடும். பிளேடைக் கழற்றிவிட்டு நகத்தால் தடவிப் பார்த்தேன், விரல் முட்டியால் தட்டியும் பார்த்தேன். கணீரென்று சத்தம், விரிசல் இல்லை.

என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த நீளமான மர இழைப்புளி. அதன் முன்முகத்தில் பெயர்கள் அச்சுக் குத்தியிருக்கின்றன. பட்டறையில் பல பேர் சேர்ந்து வேலை செய்யும்போது சாமான் மாறிப்போகாமல் இருக்க இப்படிக் குத்தி வைப்பது வழக்கம். முதல் பெயர் பாதி அழிந்துவிட்டது. அதன் கீழே இன்னொரு பெயர். இரண்டும் நமக்கு யாரென்றே தெரியாதவர்கள். மூன்றாவதுதான் உன் தாத்தா. அப்பா தன் பெயரைக் குத்தவில்லை, அதற்கு இடம் இருக்கிறது.

தம்பி, அந்த முதல் இரண்டு பேரையும் பற்றி யோசித்துக்கொண்டே இருந்தேன். அவர்கள் வீட்டிலும் ஒரு மனைவியோ பிள்ளையோ இதை என்ன செய்வது என்று உட்கார்ந்து பேசியிருப்பார்கள். "ஞாபகம், விற்கக் கூடாது" என்று அவர்கள் முடிவு செய்திருந்தால் இது தாத்தா கைக்கு வந்தே இருக்காது. நாம் குடும்பச் சொத்து என்று சொல்லிக்கொள்வதே இன்னொரு குடும்பம் கைமாற்றிவிட்டதுதான். அதனால் விற்பது அப்பாவுக்குச் செய்கிற துரோகம் என்று மட்டும் நினைக்காதே. யாரிடம் போகிறது என்பதுதான் எனக்குக் கவலை.

ஏனென்றால் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனார். பழைய சாமான் வாங்கி விற்கிறவர். நல்லபடியாகத்தான் பேசினார், சொன்ன தொகையும் நான் நினைத்ததைவிட அதிகம். ஆனால் அவர் கண் போனதெல்லாம் பெட்டிமேலும், பித்தளை வைத்த இரண்டு மூன்று சாமான்மேலும்தான். மற்றதை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்துவிடுவாராம், கொஞ்சத்தைக் கடைகளில் அலங்காரத்துக்குச் சுவரில் மாட்ட வாங்குவார்களாம். பெட்டிக்குமேல் கண்ணாடி போட்டுக் கூடத்தில் டீப்பாயாக வைத்துக்கொள்ள ஆள் இருக்கிறதாம். எனக்கு வயிறு எரிந்தது. தீட்டினால் இன்னும் எத்தனையோ வருஷம் வெட்டப்போகிற உளியைச் சுவரில் ஆணி அடித்து மாட்டுவதற்கு நான் கொடுக்க மாட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

இப்போது நீ சொன்னதற்கு வருகிறேன். வைத்துக்கொள்வது என்றால் என்ன?

அப்பா அடிக்கடி ஒரு பெட்டியைப் பற்றிச் சொல்வார், உனக்கு நினைவிருக்கும். இங்கிலாந்தில் 1796இல் ஜோசப் சீட்டன் என்பவர் தன் மகன் பெஞ்சமினுக்கு ஒரு முழு செட் தச்சுக் கருவிகள் வாங்கிக் கொடுத்தார். மகன் அடுத்த வருஷம் அவற்றுக்கென்று ஒரு பெட்டி செய்தான். என்னென்ன வாங்கியது என்ற பட்டியலோடு அந்தப் பெட்டி இன்றைக்கும் ராச்செஸ்டர் ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கருவிகள் அதிகம் தேயவே இல்லை. 18ஆம் நூற்றாண்டுக் கருவிகளைப் பற்றிப் படிக்கிறவர்களுக்கு அதனால்தான் அது அவ்வளவு பெரிய ஆதாரம். அப்பாவுக்கு அதில் ஆச்சரியமும் உண்டு, வருத்தமும் உண்டு. "அந்தப் பையன் ஏன் அதை எடுத்து வேலை செய்யல?" என்பார். தேயாத உளியைப் பார்த்தால் அவருக்கு மனசு கேட்காது. அருங்காட்சியகத்துக்கு அப்படி ஒரு பெட்டி வேண்டும், சரி. ஒரு வீட்டுக்கு எதற்கு?

அதுவும் பூட்டி வைத்தால் அப்படியே இருக்கும் என்று நினைக்காதே. வைத்துக்கொள்வதும் ஒரு வேலை. காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குமேல் போனாலே இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும். குளிர்ந்து கிடக்கிற இரும்பின்மேல் வெதுவெதுப்பான ஈரக்காற்று பட்டால் வியர்த்த மாதிரி நீர் கோத்துக்கொள்ளும், அங்கேதான் முதல் புள்ளி. வெறும் சிமென்ட் தரையில் பெட்டியை வைத்தால் கீழிருந்து ஈரம் ஏறும், அடியில் இரண்டு கட்டை கொடுத்துத் தூக்கி வைக்க வேண்டும். மாதம் ஒரு தடவையாவது திறந்து, எண்ணெய்த் துணியால் ஒவ்வொன்றையும் துடைக்க வேண்டும். அப்பா போனதிலிருந்து அதை நான்தான் செய்கிறேன். அப்படியும் ஒரு ரம்பத்தில் பழுப்புப் படலம் வந்துவிட்டது. என் முதுகு இனிமேல் கீழ்த்தட்டு வரை குனிய விடாது. உன் ஞாபகத்துக்காக அது என் வீட்டில் இருந்தால் துருதான் பிடிக்கும், தம்பி. கடுமையாகச் சொல்வதாக நினைக்காதே.

வெளிநாட்டில் இருக்கிற உன்னிடமே அனுப்பிவிடலாமா என்று யோசித்தேன். சாமானோடு அந்தப் பெட்டியை நாலு பேர் சேர்ந்துதான் தூக்க முடியும். அதைவிட ஒரு சிக்கல், ஸ்டான்லியின் கைப்பிடி பிரேசில் ரோஸ்வுட் என்று அப்பா சொல்வார். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ஸ்டான்லிகளில் அந்த மரம்தான் வழக்கமாக இருக்கும். 1992 முதல் அந்த மரம், அழிந்துவரும் உயிரினங்களை நாடுகளுக்கிடையே விற்பதைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கிறது. எல்லை தாண்டி அனுப்புவதென்றால் பழைய பொருள்தான் என்று காட்டி அனுமதி வாங்க வேண்டும். முடியாத காரியம் இல்லை, ஆனால் முன்கூட்டியே கேட்டுவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். சுங்கத்தில் பிடித்துவைத்துக்கொண்டால் அப்புறம் யாரைக் கேட்பது?

அதனால் என் முடிவை எழுதுகிறேன். மொத்தமாக விற்பதும் இல்லை, மொத்தமாக வைத்துக்கொள்வதும் இல்லை.

அரை அங்குல உளி, எண் 4 இழைப்புளி, சின்ன மூலைமட்டம், பல் நெருக்கமான ஒரு ரம்பம், எண்ணெய்க் கல். இந்த ஐந்தும் உனக்கு. இதை வைத்துக்கொண்டு ஒரு ஆள் ஒரு சின்னப் பெட்டி செய்துவிடலாம். ஆனால் அலமாரியில் வைப்பதற்கு இல்லை. நீ தீட்டக் கற்றுக்கொள்ள வேண்டும். உளியின் தட்டையான முகத்தைக் கல்லில் வைத்துக் கண்ணாடி மாதிரி ஆகும்வரை முதலில் தேய், அதற்கு அப்புறம்தான் சரிவுப் பக்கம். இழைப்பதென்றால் மரத்தின் ரேகை ஏறுகிற பக்கமாகத் தள்ளு. எதிர்ப்பக்கம் தள்ளினால் மரம் பிய்ந்துகொள்ளும். உனக்குச் சின்ன வயதில் பொறுமை இருந்தது, அப்பாவே சொல்லியிருக்கிறார்.

ரசமட்டம் அக்காவுக்கு. அந்தக் குமிழியை ஓடவிட்டு விளையாடினவள் அவள்தான்.

மீதி எல்லாம் அப்பாவிடம் வேலை பழகிய பையனுக்கு. இப்போது சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறான். மெஷின் வேலைதான் அதிகம், ஆனால் மூட்டுகளைக் கடைசியில் கையால்தான் சீர் செய்கிறான், போய்ப் பார்த்தேன். சும்மா கொடுத்தால் வாங்க மாட்டான், எனக்கும் சும்மா கொடுப்பதில் விருப்பம் இல்லை. காசு கொடுத்து வாங்கின சாமானைத்தான் ஒருத்தன் தன்னுடையது என்று பார்த்துக்கொள்வான். அவனால் முடிகிற தொகைக்குத் தவணையில் கொடுக்கிறேன். அந்த வியாபாரி சொன்னதைவிடக் குறைவுதான் கிடைக்கும். அந்த வித்தியாசம் எனக்குப் பெரிதில்லை, உங்கள் இரண்டு பேருக்கும் பெரிதாக இருக்காது என்று நம்புகிறேன். மர இழைப்புளியும் அவனுக்குத்தான். அப்பா பெயருக்கு இருந்த இடத்தில் அவன் தன் பெயரைக் குத்திக்கொள்ளட்டும் என்று சொல்லப்போகிறேன். இதில் உனக்கு மனக்கஷ்டம் இருந்தால் இப்போதே சொல், பின்னால் சொல்லாதே.

பெட்டிதான் இன்னும் முடிவாகவில்லை. கருவிகளோடு பெட்டியும் போவதுதான் நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது. அவனுக்கும் வைக்க இடம் இருக்கிறது. ஆனால் உள்தட்டுகள் மூன்றும் தாத்தா கையால் செய்தவை. நீ கேட்டால் கொடுக்காமல் இருக்க எனக்கு மனசு வராது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், துணி போட்டு வைக்கவோ மேலே பூச்சாடி வைக்கவோ என்றால் அவனுக்கே போகட்டும். அந்த ஐந்து கருவியில் தொடங்கி நீயே மெல்ல மெல்ல அதை நிரப்புவதாக இருந்தால் உனக்கு.

அவன் இம்மாதக் கடைசியில் வண்டி கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறான். அதற்குள் எழுது. எழுதும்போது உன் வீட்டு வாசலையும் மாடிப்படித் திருப்பத்தையும் அளந்து எழுது. பெட்டி 95 செ.மீ. நீளம், 60 அகலம், 62 உயரம். பக்கத்துக்கு ஒன்றாக இரும்புப் பிடிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதற்கு இன்னொரு பத்துச் சேர்த்துக்கொள்.

அன்புடன்,
அம்மா